கல்யாணம் ஆகி 53 வருஷம், ஒரே வீட்டுல இருந்தது நாலு வருஷம்

ஜெர்மனி போறவங்க நிறைய பேர் பாட்ஸ்டாமுக்கும் ஒரு நாள் ஒதுக்கி சான்சூசி அரண்மனையப் பாக்குறாங்க. அங்க தோட்டத்தோட மேல் படித்தளத்துல ஒரு சாதாரணக் கல் இருக்கும், அதுதான் பழைய ஜெர்மன் ராஜ்ஜியமான பிரஷ்யாவோட ராஜா இரண்டாம் பிரெடரிக்கோட சமாதி. மக்கள் அந்தக் கல்லு மேல உருளைக்கிழங்க வெச்சுட்டுப் போவாங்க, உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லி அவர் உத்தரவு போட்டதுக்காக. பக்கத்துலயே வரிசையா அவரோட வேட்டை நாய்களோட கல்லு. இவ்வளவு பெரிய ராஜாவுக்குப் பொண்டாட்டி இருந்தாங்களா, இருந்தா அவங்க சமாதி எங்கன்னு அங்க நிக்குற பாதிப் பேருக்குத் தோணவே தோணாது. இருந்தாங்க. 53 வருஷம் இருந்தாங்க. பேரு எலிசபெத் கிறிஸ்டீன்.

பிரெடரிக் பத்தி எழுதின எல்லாரும் அவரோட போரையும் புல்லாங்குழலையும் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் கூட நடந்த கடிதப் போக்குவரத்தையும் நூறு பக்கம் எழுதிட்டு, இவங்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கி "மகிழ்ச்சியில்லாத திருமணம்"னு முடிச்சிடுறாங்க. எனக்கு அது ரொம்ப நாளா உறுத்துற விஷயம். அந்தக் கல்யாணம் ஒரு அப்பாவுக்கும் பையனுக்கும் நடந்த சண்டைக்கு எழுதின தீர்ப்பு, அந்தத் தண்டனைய ஆயுசு முழுக்க அனுபவிச்சது சண்டைக்கே சம்பந்தமில்லாத ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு உக்காந்து அழுதுட்டே இருக்கலைங்கறதுதான் நான் முக்கியமா சொல்ல வர்றது.

முதல்ல அந்த அப்பா. முதலாம் பிரெடரிக் வில்ஹெல்ம், பட்டாளத்து ராஜான்னே அவருக்குப் பேரு. கஞ்சம், முன்கோபம், கையில எப்பவும் பிரம்பு, ஐரோப்பா பூரா ஆள் அனுப்பி ரொம்ப உயரமான ஆளுங்களாப் புடிச்சு ஒரு படைப்பிரிவே வெச்சிருந்தாரு. பையனுக்கோ பிரெஞ்சுப் புத்தகம், புல்லாங்குழல், கவிதை. அப்பனுக்கு அது சுத்தமாப் பிடிக்கல, நாலு பேர் முன்னாடி அடிக்கிறது, தலைமுடியப் புடிச்சு இழுக்கிறது, வாலிப வயசு வந்த பிறகும் அதேதான். அம்மா சோஃபி டோரோத்தியா இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜார்ஜோட தங்கச்சி, அவங்களுக்கு ஒரே கனவு, தன் மகனுக்கு அண்ணன் பொண்ணு அமேலியாவையும் மகள் வில்ஹெல்மினேய அண்ணன் பையனுக்கும் கட்டி வைக்கணும்னு. நம்ம ஊர்ல பெண் கொடுத்துப் பெண் எடுக்குறதுன்னு சொல்லுவோமே அதேதான். ராஜா முதல்ல சரின்னாரு, அப்புறம் வியன்னாவுல இருந்த புனித ரோமப் பேரரசர் பக்கம் சாய்ஞ்சு அந்தப் பேச்சைக் கெடுத்தாரு.

1730 ஆகஸ்ட்ல, அப்பாகூட தென் ஜெர்மனிப் பயணத்துல இருந்தப்போ, பையன் ஷ்டைன்ஸ்ஃபுர்ட்ங்கற கிராமத்துல இருந்து தப்பிச்சு ஓடப் பாத்தான், மாட்டிக்கிட்டான். அவனுக்கு 18 வயசு. உடந்தையா இருந்த நண்பன் ஹான்ஸ் ஹெர்மன் ஃபான் காட்டே, ராணுவ அதிகாரி, 26 வயசு. ராணுவக் கோர்ட் காட்டேவுக்கு ஆயுள் தண்டனைதான் குடுத்துச்சு, ராஜா அதை மரண தண்டனையா மாத்துனாரு. நவம்பர் 6ஆம் தேதி க்யூஸ்ட்ரின் கோட்டையில, பையன் அடைபட்டிருந்த அறை ஜன்னலுக்குக் கீழ காட்டேவ நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க, ராஜாவோட உத்தரவு, பையன் பாத்தே ஆகணும்னு. ஜன்னல்ல இருந்து பையன் மன்னிப்புக் கேட்டுக் கத்துறான், காட்டே மன்னிக்க ஒண்ணுமே இல்லைன்னு பதில் சொல்லிட்டு நடக்கிறான், பையன் மயக்கம் போட்டு விழுந்துட்டான். இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, எலிசபெத் கிறிஸ்டீனோட கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கிற இடமே இந்தக் கோட்டைதான். பையன் வெளிய வரணும்னா, பட்டாளத்துப் பதவி திரும்பக் கிடைக்கணும்னா, அப்பா சொல்ற பொண்ணைக் கட்டணும்.

அப்பா பாத்த பொண்ணு ப்ரவுன்ஷ்வைக்-பெவர்ன் வம்சம், 1715 நவம்பர் 8 அன்னைக்கு வொல்ஃபன்புட்டல்ல பிறந்தவங்க, அவங்களோட பெரியம்மா பேரும் எலிசபெத் கிறிஸ்டீன்தான், அவங்கதான் வியன்னாவுல பேரரசி. சம்பந்தம் பேசுனதுல ரெண்டு பேருக்கு முக்கியப் பங்கு, ஒருத்தர் ராஜாவோட மந்திரி க்ரும்கோ, இன்னொருத்தர் வியன்னாவோட தூதர் செக்கன்டோர்ஃப், க்ரும்கோ வியன்னாகிட்ட காசு வாங்கிட்டு இருந்தவரு. பிரஷ்யாவோட பட்டத்து இளவரசன் பேரரசியோட தங்கச்சி பொண்ணைக் கட்டினா வியன்னாவுக்கு எவ்வளவு வசதின்னு தனியாச் சொல்ல வேண்டியதில்ல.

பொண்ணை நேர்ல பாக்குறதுக்கு முன்னாடியே பையன் வெறுத்தாச்சு. க்ரும்கோவுக்கு அவர் எழுதுன கடிதங்கள் இருக்கு, படிச்சா மனசு கனத்துப் போயிடும். ஒரு துப்பாக்கிக் குண்டுல என் துயரம் தீரும்னு எழுதுறாரு, உலகத்துல இன்னொரு துர்பாக்கியசாலி இளவரசி உருவாகப் போறான்னும் எழுதுறாரு, நான் ராஜாவானதும் அவளைத் தள்ளி வெச்சுட்டு என் இஷ்டப்படி இருப்பேங்கற அர்த்தத்துலயும் எழுதுறாரு. எல்லாத்தையும் முன்கூட்டியே சொல்லிட்டாரு, பிற்பாடு சொன்ன மாதிரியேதான் செஞ்சாரு. அந்தப் பொண்ணுக்கு இந்தக் கடிதமெல்லாம் தெரியாது. வெட்கப்படுற, அதிகம் பேசாத, பக்தியான ஒரு 16 வயசுப் பொண்ணு, பெர்லினோட நக்கல் கிண்டலுக்குப் பழகாத சின்ன அரண்மனையில வளர்ந்தவங்க. 1732 மார்ச் 10, பெர்லின்ல நிச்சயதார்த்தம். மாமியாருக்கு இங்கிலாந்து சம்பந்தம் போன ஆத்திரம், நாத்தனாருக்குத் தம்பி மேல உயிரு, ரெண்டு பேருமே இந்தப் பொண்ணை முட்டாள்னும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கான்னும் கேலி பண்ணாங்க. வில்ஹெல்மினே பிற்காலத்துல எழுதுன நினைவுக் குறிப்புல அந்தக் கேலி அப்படியே பதிஞ்சு கிடக்கு, பல பேரு அதையே சாட்சியா எடுத்துக்கிட்டு எலிசபெத் கிறிஸ்டீன எடை போட்டாங்க. கல்யாணத்தையே வேண்டாம்னு நெனச்ச குடும்பத்து ஆளு சொன்னதை மட்டும் வெச்சு ஒரு மருமகள முடிவு பண்றது எந்த ஊர்லயும் நியாயமில்ல.

இதுல ஒரு கொடுமை பாருங்க. 1733 ஜூன் 12 கல்யாணம், வொல்ஃபன்புட்டல் பக்கத்துல சால்ஸ்டாலும் அரண்மனையில. அதுக்கு முந்தின நாள் வியன்னாவுல இருந்து செக்கன்டோர்ஃபுக்கு உத்தரவு வருது, ஐரோப்பிய அரசியல் திரும்பிடுச்சு, இப்ப இங்கிலாந்த சமாதானப்படுத்தணும், அதனால இந்தக் கல்யாணத்தை நிறுத்தி பிரெடரிக்குக்கு இங்கிலாந்துப் பொண்ணையே கட்டி வைக்கலாமான்னு கேளுன்னு! யாரு ஆசைப்பட்டு இந்த சம்பந்தத்த முடிச்சாங்களோ அவங்களே மணவறை வாசல்ல வந்து கலைக்கப் பாக்குறாங்க. ராஜா ஒத்துக்கல, குடுத்த வாக்கு மாறினா மானம் போயிடும்னு ஒரே பிடியா நின்னாரு. அந்தப் பொண்ணு ராணி ஆனதே அந்த முரட்டு மனுஷன் அன்னைக்கு அடம் பிடிச்சதாலதான். ஒரு வகையில பாத்தா அவங்க வாழ்க்கையில அவங்களுக்காக நின்ன ஒரே ஆம்பள மாமனார்தான், கடைசி வரைக்கும் மருமகள் மேல அவருக்குப் பாசம் இருந்துச்சு. அடுத்த மாசமே, ஜூலை 2, பிரெடரிக்கோட தங்கச்சி ஃபிலிப்பினே ஷார்லட்டை எலிசபெத்தோட அண்ணன் கார்லுக்குக் கட்டி வெச்சாங்க. அந்தப் பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தாச்சு. அமேலியா மட்டும் கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கல.

கல்யாணத்துக்கு அப்புறம் மூணு வருஷம் அவரு நியூருப்பின்ல தன் படைப்பிரிவோட, அவங்க பெர்லின்ல. 1736ல ரைன்ஸ்பெர்க் அரண்மனை தயாரானதும்தான் ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ வந்தாங்க. பெர்லினுக்கு வடக்க, ஏரிக்கரையில ஒரு அழகான சின்ன அரண்மனை, அப்பா வாங்கிக் குடுத்தது. க்னோபெல்ஸ்டோர்ஃப் கட்டட வேலையப் பாத்தாரு, பென்டா குடும்பமும் க்ரவுன் சகோதரர்களும் இசைக்கு, ஓவியத்துக்கு அன்டோவான் பெஸ்ன. பிரெடரிக் பகல்ல படிப்பு எழுத்து, சாயங்காலம் கச்சேரி, ராத்திரி நாடகம் நடனம், வால்டேருக்கு முதல் கடிதம் போனதும் அந்த 1736லதான், இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லிய மறுத்துப் புத்தகம் எழுதுனதும் அங்கதான். எலிசபெத்துக்கு அதுதான் வாழ்க்கையிலயே நல்ல காலம். நடனத்துல சேர்ந்துக்கிட்டாங்க, விருந்தாளிங்களைக் கவனிச்சாங்க, பிரெஞ்சு நல்லாப் பேச எழுதக் கத்துக்கிட்டாங்க. புருஷனுக்குக் கடன் தலைக்கு மேல, அப்பாகிட்ட நேர்ல கேக்க முடியாது, அதனால மாமனார்கிட்டயும் சொந்தக்காரங்ககிட்டயும் பேசிப் பணம் பொரட்டிக் குடுக்குற வேலையையும் பொண்டாட்டிதான் செஞ்சாங்க.

பெஸ்ன அந்தக் காலத்துல வரைஞ்ச எலிசபெத்தோட படத்த இணையத்துலயே பாக்கலாம். நல்ல நிறம், வட்ட முகம், அமைதியான பார்வை. பெர்லின் அரண்மனை கேலி பண்ணின அந்த மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்குற பொண்ணு இந்தப் படத்துல இல்ல. அந்த வருஷங்கள்ல பிரெடரிக்கே ஒரு கடிதத்துல ஒத்துக்கிறாரு, நான் அவளைக் காதலிச்சது கிடையாது, ஆனா அவளை மதிக்கலேன்னா நான் உலகத்துலயே கேவலமான மனுஷன், அவ்வளவு சாந்தமானவ, சொன்னாப் புரிஞ்சுக்கிறவ, என் மனசறிஞ்சு நடக்குறவங்கற மாதிரி. இந்தக் கடிதத்தைப் படிக்கும்போதுதான் எனக்குக் கோவம் ஜாஸ்தி ஆகுது. தெரியாம ஒருத்தர ஒதுக்கினா வேற, இவ்வளவு தெரிஞ்சே ஒதுக்கியிருக்காரு.

குழந்தை இல்ல. ஏன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. பிரெடரிக்கோட மனசு ஆண்கள் பக்கம்தான் இருந்துச்சுன்னு இன்னைக்குப் பல வரலாற்றாசிரியர்கள் வெளிப்படையாவே எழுதுறாங்க, ஃப்ரெடர்ஸ்டோர்ஃப், அல்கரோட்டின்னு பேர்கள் வரும், அவர் எழுதுன கவிதையும் கடிதமும் அந்தப் பக்கம்தான் காட்டுது. அப்படி இருந்தா அது அவரோட குத்தம் ஒண்ணும் இல்ல, அந்தக் காலத்துல அவரு வாயைத் தொறந்து சொல்லவும் வழியில்ல, அவரையும் கட்டாயப்படுத்தித்தான் மணவறையில உக்கார வெச்சாங்க. அவர் மேல எனக்குப் பரிதாபம் இருக்கு, நிஜமாவே இருக்கு. ஆனா பிடிக்காத மனைவிகிட்ட மரியாதையா ரெண்டு வார்த்தை பேச யாரு தடுத்தாங்க?

1740 மே 31, அப்பா செத்தாரு. அன்னைக்கு ரைன்ஸ்பெர்க்ல இருக்குற மனைவிக்குப் புது ராஜா எழுதுன கடிதம் ஒரு நாலஞ்சு வரிதான். பெர்லினுக்கு வந்ததும் முதல்ல என் அம்மாவைப் போய்ப் பாரு, அவங்களுக்கு உரிய மரியாதையக் காட்டு, எனக்கு இப்ப நேரமில்ல, அவ்வளவுதான் சாரம். அந்த நிமிஷத்துல இருந்து ரைன்ஸ்பெர்க் முடிஞ்சு போச்சு. அதே வருஷம் பெர்லினுக்கு வடக்க பாங்கே ஆத்தங்கரையில இருக்குற ஷோன்ஹவுசன் அரண்மனையை அவங்களுக்குக் குடுத்தாரு, கோடைக்கு அங்க, குளிர்காலத்துக்கு பெர்லின் அரண்மனையில அவங்களுக்குன்னு அறைகள். டிசம்பர்ல அவரு ஆஸ்திரியா வசம் இருந்த சிலேசியா மேல படையெடுத்துப் போயிட்டாரு. 1745ல பாட்ஸ்டாம்ல சான்சூசி கட்ட ஆரம்பிச்சு 1747ல குடி போனாரு, தத்துவவாதிங்க வந்தாங்க, இசைக்கலைஞர்கள் வந்தாங்க, வால்டேர் வந்தாரு, மனைவிக்கு மட்டும் அழைப்பு வரல. பெர்லினுக்கும் பாட்ஸ்டாமுக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர்தான் இருக்கும்.

விவாகரத்து பண்ணியிருக்கலாமேன்னு கேக்கலாம். பண்ணல. பண்ணியிருந்தா ஒரு வகையில அவங்களுக்கு விடுதலை, ஆனா அவருக்கு ஒரு ராணி தேவைப்பட்டாங்க. இதைத்தான் யாரும் சரியாச் சொல்ல மாட்டேங்கறாங்க. பிரெடரிக்குக்கு அரசவைச் சடங்கு, விருந்து, வணக்கம் வாங்குறது எல்லாம் எரிச்சல். ஆனா ஒரு ராஜ்ஜியம்னு இருந்தா வெளிநாட்டுத் தூதர் வந்தா வரவேற்கணும், புதுசா வர்ற பிரபுக்களை அறிமுகப்படுத்தணும், பொறந்தநாள் கல்யாணம் துக்கம் எல்லாத்துக்கும் அரசவை கூடணும், இல்லேன்னா மத்த ராஜ்ஜியங்கள் மதிக்காது. இந்த மொத்த வேலையையும் பெர்லின்ல 46 வருஷம் தாங்குனது எலிசபெத். பிரஷ்யாவுக்கு வர்ற இளவரசர்களும் தூதர்களும் ராணிய முறைப்படி பாத்தே ஆகணும்னு அவரே எதிர்பார்த்தாரு. தான் மதிக்காத ஆளை மத்தவங்க மதிக்கணும்னு கட்டளை. அவங்க அந்த வேலைய ஒரு நாள் விடாம செஞ்சதாலதான் இவரால பாட்ஸ்டாம்ல பழைய நீலச் சட்டையப் போட்டுக்கிட்டுப் புல்லாங்குழல் வாசிக்க முடிஞ்சுச்சு. அவங்க செஞ்சது அரசாங்க வேலை, அதைக் குடும்பக் கதையா மட்டும் பாக்குறதுல எனக்கு உடன்பாடில்ல.

அதுலயும் முதல் 17 வருஷம் அரண்மனையில முதல் இடம் மாமியாருக்குத்தான், 1757ல சோஃபி டோரோத்தியா சாகுற வரைக்கும். மொன்பிஷூ அரண்மனையில மாமியார் தனியா அரசவை நடத்துவாங்க, ராஜா பெர்லின் வந்தா அங்க போயிச் சாப்பிடுவாரு, பொண்டாட்டி வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்குறது அபூர்வம்.

ராணியோட சேம்பர்லினா, அதாவது அரண்மனை அதிகாரியா இருந்தவரு கவுண்ட் லேன்டோர்ஃப். அவரோட நாட்குறிப்பு பிரெஞ்சுல எழுதினது, பல வருஷத்துக்கு நீளும். அதுல ராணி ஒண்ணும் பொறுமைத் தெய்வமா வரல. கோவக்காரி, சின்ன விஷயத்துக்குச் சத்தம் போடுறவங்க, விருந்து சலிப்பா இருக்கு, சாப்பாடு போதலன்னு அந்த மனுஷன் புலம்பித் தள்ளியிருக்காரு. சில பேரு இதை எடுத்துக்காட்டி அதனாலதான் ராஜா ஒதுக்குனாருன்னு சொல்றாங்க. காலக்கணக்கே தப்பா இருக்கு. லேன்டோர்ஃப் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே ராஜா ஒதுக்கிப் பல வருஷம் ஆயிடுச்சு. பத்துப் பதினஞ்சு வருஷம் ஊரே பாக்க ஒதுக்கி வெச்ச ஒரு மனுஷிக்குக் கோவம் வராம வேற என்ன வரும்? எனக்கு என்னமோ அந்தக் கோவக்கார ராணியத்தான் ரொம்பப் பிடிக்குது, கன்னியாஸ்திரி மாதிரி சித்தரிக்குற படத்தை விட.

அவங்க பொறந்த வீட்டுக் கதையைக் கேட்டா இன்னும் நெஞ்சு அடைக்கும். அண்ணன் அன்டன் உல்ரிச் ரஷ்யாவுக்குப் போயி அன்னா லியோபோல்டோவ்னாவைக் கட்டுனாரு, அவங்க பையன் இவான் 1740ல கைக்குழந்தையாவே ரஷ்யப் பேரரசன் ஆனான், அடுத்த வருஷக் கடைசியில ஆட்சி கவிழ்ந்து குடும்பமே சிறை. இவான் 1764ல காவல்லயே கொல்லப்பட்டான், அன்டன் உல்ரிச் 1774ல வட ரஷ்யாவோட கோல்மோகரில சிறைவாசத்துலயே செத்தாரு, 30 வருஷத்துக்கு மேல வெளிய வரவே இல்ல. தம்பி ஆல்பிரெக்ட் 1745 செப்டம்பர் 30 சோர் போர்ல பிரஷ்யாவுக்காகச் செத்தான், 20 வயசு. அதே போர்ல இன்னொரு தம்பி ஃபெர்டினான்ட் பிரஷ்யா பக்கம், இன்னொரு தம்பி லுட்விக் எர்ன்ஸ்ட் ஆஸ்திரியா பக்கம். கூடப் பொறந்தவனே எதிர்ல பீரங்கி வரிசையில நிக்குறான், நடுவுல அக்கா பெர்லின்ல செய்திக்குக் காத்திருக்காங்க.

அப்புறம் ஆஸ்திரியா, ரஷ்யாவெல்லாம் பிரஷ்யாவுக்கு எதிரா நின்ன ஏழாண்டுப் போர். 1757 அக்டோபர்ல ஆஸ்திரியத் தளபதி ஹாடிக் திடீர்னு பெர்லினுக்குள்ள புகுந்தப்போ ராணியும் அரசவையும் முதல்ல ஷ்பான்டாவ் கோட்டைக்கு ஓடுனாங்க, அங்க இருந்து மாக்டபர்க். 1759ல குனர்ஸ்டோர்ஃப் தோல்விக்கு அப்புறம் மறுபடி மாக்டபர்க், இந்தத் தடவ போர் முடியுற வரைக்கும். கஜானா, இளவரசிங்க, பிள்ளைகுட்டி, வேலைக்காரங்கன்னு மொத்தக் கூட்டத்தையும் ஒரு கோட்டை ஊருக்குள்ள வெச்சுக்கிட்டு அரசவைய நடத்துனது இவங்கதான். 1760 அக்டோபர்ல ரஷ்யர்களும் ஆஸ்திரியர்களும் பெர்லினப் புடிச்சப்போ ஷோன்ஹவுசன் அரண்மனைய சூறையாடிட்டாங்க.

1758ங்கற ஒரு வருஷத்த மட்டும் எடுத்துப் பாருங்க. ஜூன் 12ஆம் தேதி ராஜாவோட தம்பி ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஒரானியன்பர்க்ல செத்தாரு, முந்தின வருஷம் பின்வாங்கினதுக்காக அண்ணன்காரன் எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தி அனுப்பியிருந்தாரு, அந்த மனவேதனையிலேயே போயிட்டாருன்னு அப்பவே பேசுனாங்க. அவரு எலிசபெத்துக்குத் தங்கச்சி புருஷனும்கூட, லூயிஸ் அமாலியாவ 1742ல கட்டுனவரு. ஜூன் 12 இவங்களோட கல்யாண நாள், சரியா 25ஆவது வருஷம். அதே வருஷம் அக்டோபர் 14, ஹோக்கிர்க்ல ஆஸ்திரியர்கள் விடியறதுக்கு முன்னாடி வந்து விழுந்தாங்க, எலிசபெத்தோட கடைசித் தம்பிகள்ல ஒருத்தர் ஃபிரீட்ரிக் ஃபிரான்ஸ் செத்தாரு, 26 வயசு. அதே நாள் பைராய்ட்ல வில்ஹெல்மினே செத்தாங்க, பிரெடரிக் உலகத்துலயே அதிகமா நேசிச்ச அக்கா. ஒரே நாள்ல புருஷனுக்கு அக்கா போறாங்க, பொண்டாட்டிக்குத் தம்பி போறாரு. வேற எந்தத் தம்பதியா இருந்தாலும் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாய்ஞ்சிருப்பாங்க. இவங்க ரெண்டு பேரும் தனித்தனியா அழுதிருக்கணும்.

1763 மார்ச் கடைசியில ராஜா பெர்லினுக்குத் திரும்புறாரு, வருஷக்கணக்கா மனைவி முகத்தைப் பாக்கல, இடையில செத்துப் போனது எத்தனை பேரு. அரண்மனையில எல்லாரும் வரிசையா நிக்குறாங்க. மனைவிகிட்ட வந்து "மேடம் குண்டாயிட்டீங்க"ன்னு ஒரு வரி சொல்லிட்டு தங்கச்சிங்க பக்கம் திரும்பிட்டாருன்னு காலங்காலமா சொல்லிட்டு வர்றாங்க. வார்த்தை அப்படியே இதுதானான்னு சண்டை போட வேண்டியதில்ல, அந்த வருஷங்கள்ல அவரு அவங்ககிட்ட பேசினதே அவ்வளவுதாங்கறதுல யாருக்கும் மாத்துக் கருத்து இல்ல.

அவங்க திரும்பி வந்து செஞ்ச முதல் பெரிய வேலை இடிஞ்சு கிடந்த ஷோன்ஹவுசனை எழுப்புனது. யோஹான் பௌமான் வேலையப் பாத்தாரு, 1764ல முடிஞ்சுச்சு, இன்னைக்கு நாம பாக்குற இரட்டைப் படிக்கட்டெல்லாம் அப்ப வந்தது. தோட்டம், நடைபாதை மரங்கள்னு அவங்க இஷ்டத்துக்கு அமைச்சாங்க. யாரோ வேண்டா வெறுப்பாக் குடுத்த வீடு அந்த வருஷத்துல இருந்துதான் அவங்க சொந்த வீடாச்சுன்னு நான் நெனக்கிறேன்.

இன்னொரு விஷயம், புருஷன் எழுத்தாளர்னு ஊருக்கே தெரியும், பொண்டாட்டியும் எழுதி அச்சுப் போட்டாங்கங்கறது பல பேருக்குத் தெரியாது. 1770கள்ல இருந்து ஜெர்மன்ல வந்த பக்தி நூல்களையும் ஒழுக்க நூல்களையும் பிரெஞ்சுல மொழிபெயர்த்து கான்ஸ்டன்ஸுங்கற புனைபேர்ல வெளியிட்டாங்க. ஷ்பால்டிங்கோட நூல், கெல்லர்ட்டோட பாட்டுகள் எல்லாம் இருக்கு. பிரெடரிக் ஜெர்மன் இலக்கியத்த மட்டமா நெனச்சவரு, 1780ல அதைத் திட்டி ஒரு கட்டுரையே எழுதுனாரு. அதே காலத்துல அவரோட மனைவி உக்காந்து ஜெர்மன் எழுத்தாளர்களை பிரெஞ்சு படிக்கிற உலகத்துக்குக் கொண்டு போய்க்கிட்டிருந்தாங்க. அவரு கடவுள் நம்பிக்கைய கிண்டல் பண்ணாரு, இவங்க அந்த நம்பிக்கையத்தான் பக்கம் பக்கமா மொழிபெயர்த்தாங்க. அவர் பேர்ல ஒரு வார்த்தை குறை சொல்லாமலே தன் கருத்தை அச்சுல பதிச்சிட்டாங்க. வருஷாந்திரப் பணத்துல பெரும்பகுதி ஏழைகளுக்குப் போச்சு, அதனாலயும் பெர்லின் ஜனங்க அவங்க மேல மரியாதை வெச்சிருந்தாங்க.

பிரெடரிக்க நான் எடை போடும்போது கடைசியா ஒரு விஷயம்தான் மனசுல நிக்குது. தனக்கு நடந்தத அவரு தன் தம்பிக்கே செஞ்சாரு. 1752ல ஹைன்ரிச்ச, அவருக்குத் துளியும் விருப்பமில்லாத ஒரு கல்யாணத்துக்குள்ள தள்ளுனாரு, ஹெஸ்ஸ-கஸ்ஸல் இளவரசி வில்ஹெல்மினாவோட. கட்டிக்கிட்டா வீடு, வருமானம், கெடுபிடியில இருந்து விடுதலை, அப்பன் போட்ட அதே கணக்கு. ஹைன்ரிச்சுக்குக் கிடைச்ச வீடு எது தெரியுமா? ரைன்ஸ்பெர்க். அந்தத் தம்பதியும் பிரிஞ்சுதான் வாழ்ந்தாங்க. 1765ல வாரிசான தம்பி மகனுக்கு எலிசபெத்தோட அண்ணன் பொண்ணையே கட்டி வெச்சாரு, அந்தப் பொண்ணு பேரும் எலிசபெத் கிறிஸ்டீன், கூட உல்ரிக்கான்னு ஒரு பேரு. நாலு வருஷத்துல விவாகரத்து, அந்தப் பொண்ண முதல்ல அனுப்புனது க்யூஸ்ட்ரினுக்கு, ஆமா, அதே கோட்டை ஊர்தான், அப்புறம் ஸ்டெட்டின், 1840ல சாகுற வரைக்கும் திரும்பி வரல. அடி வாங்குனவன் அடிக்க மாட்டான்னு நாம ஆசைப்படுறோம். பிரெடரிக் விஷயத்துல அது நடக்கல.

1769ல எழுதுன உயில்ல மனைவியப் பத்தி ஒரு இடம் வருது. அவங்க வருமானம் குறையக் கூடாது, வருஷத்துக்கு 10,000 தாலர் (அந்தக் காலத்து வெள்ளிக்காசு) கூடக் குடுக்கணும், திராட்சை மது, விறகு, வேட்டை இறைச்சி குடுக்கணும்னு வீட்டுச் சாமான் கணக்கு மாதிரி எழுதியிருக்காரு. அடுத்து வர்ற ராஜா அவங்கள மரியாதையா நடத்தணும், என் ஆட்சிக் காலம் முழுக்க எனக்கு அவங்களால ஒரு மனக்கஷ்டமும் வந்ததில்ல, அவங்க ஒழுக்கத்துக்கு மதிப்புக் குடுக்கணும்ங்கற கருத்துலயும் சொல்லியிருக்காரு. இதை உயிரோட இருக்கும்போது முகத்தைப் பாத்து ஒரு தடவையாச்சும் சொல்லியிருக்கலாம்.

1786 ஆகஸ்ட் 17 விடியக்காலை ரெண்டே கால் மணி சுமாருக்கு சான்சூசியில நாற்காலியில உக்காந்தபடியே செத்தாரு, தாங்கிப் புடிச்சிருந்தது அவரோட பணியாள் ஷ்ட்ரூட்ஸ்கி. மனைவி அங்க இல்ல. அவங்க அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல இருந்தாங்க. புது ராஜா அவங்க தங்கச்சி லூயிஸ் அமாலியாவோட பையன், அதனால பெரியம்மாங்கற உறவும் இருக்கு, நல்லாவே கவனிச்சுக்கிட்டாரு. அடுத்த தலைமுறையில வந்த இளவரசி லூயிஸ், பின்னாடி நெப்போலியன நேருக்கு நேர் சந்திச்சாங்களே அந்த லூயிஸ், மருமகளா வந்தப்போ குடும்பத்துக்கு மூத்தவங்களா இவங்கதான் இருந்தாங்க. கணவரைப் பத்தி யாரு பேசுனாலும் பெருமையாத்தான் பேசினாங்களாம். அதை அன்புன்னு சொல்றதா, கௌரவம்னு சொல்றதா, பிடிவாதம்னு சொல்றதா, என்னால ஒண்ணைத் தேர்ந்தெடுக்க முடியல, மூணும் இருந்திருக்கும்னுதான் தோணுது. 1797 ஜனவரி 13, 81 வயசுல பெர்லின்ல காலமானாங்க. அடக்கம் பண்ணது பெர்லின் பேராலயத்துல. அவரு நாய்ங்க பக்கத்துல புதைக்கச் சொல்லியிருந்தாரு, வாரிசு கேக்காம பாட்ஸ்டாம்ல ஒரு தேவாலயத்துல அப்பா பக்கத்துலயே வெச்சாரு, 1991ல தான் சான்சூசிக்குக் கொண்டு வந்தாங்க.

பெர்லின் போறவங்க யாராச்சும் இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். பாட்ஸ்டாம் போங்க, வேண்டாம்னு சொல்லல, ஆனா பாங்கோவ் பக்கம் ஷோன்ஹவுசனுக்கும் அரை நாள் ஒதுக்குங்க, எம்1 டிராம்ல போயிடலாம். கிழக்கு ஜெர்மனி காலத்துல முதல்ல ஜனாதிபதி வில்ஹெல்ம் பீக்கோட அலுவலகம், அப்புறம் அரசு விருந்தினர் மாளிகை, காஸ்ட்ரோ தங்குன அறையெல்லாம் இருக்கு, 1989-90ல வட்டமேசைப் பேச்சுவார்த்தையும் அந்த வளாகத்துலதான் நடந்துச்சு, 2009ல இருந்து மியூசியம். நிறைய பேரு அந்தக் கம்யூனிஸ்ட் கால அறைகளப் பாக்கத்தான் வர்றாங்க. நீங்க கீழ்த்தளத்துல இருக்குற ராணியோட அறைகளையும் நின்னு பாருங்க, அங்க அவங்க குடும்பத்தாரோட ஓவியங்கள் மாட்டியிருக்கும், இந்தப் பேரெல்லாம் தெரிஞ்சு பாத்தா யாரு யாருன்னு புரியும்.